பல் நரம்புக்கு உயிர் இருக்கிறதா? சோதனைகளை எவ்வளவு நம்பலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ரூட் கேனல் சிகிச்சை செய்யும் பல் மருத்துவர். "டாக்டர், சும்மா ஒரு பஞ்சை வைத்துப் பார்த்துவிட்டு நரம்பு செத்துப்போச்சு என்கிறீர்களே, அது எப்படி?" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்வி. ஐந்து நிமிடத்தில், வாயைத் திறந்தபடி இருக்கும் ஒருவருக்கு அதை முழுதாக விளக்க முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

"நரம்பு" என்று எதைச் சொல்கிறோம்?

பல்லின் வெளியே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் இருக்கும் குழியில் பற்கூழ். பேச்சில் எல்லோரும் அதை நரம்பு என்கிறோம். ஆனால் நரம்பு அதில் ஒரு பங்குதான். மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களும், டென்டினைக் கட்டிக்கொண்டே இருக்கும் செல்களும் அதில் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் வேர் நுனியில் உள்ள சின்னஞ்சிறு துவாரம்தான் வாசல்.

பற்கூழ் பிழைத்திருப்பது ரத்த ஓட்டத்தால். அது கூசுவதும் வலிப்பதும் நரம்பால். இரண்டும் வேறு வேறு. இந்தப் பக்கத்தில் வரும் குழப்பங்களில் பாதிக்கும் மேல் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறந்தவை.

குளிர்ப் பஞ்சை வைத்தால் டாக்டருக்கு என்ன தெரியும்?

சிறு பஞ்சு உருண்டையில் குளிர் ஸ்ப்ரேயை அடிப்போம். வெண்பனி பூத்ததும் ஒரு உதறு உதறிவிட்டு, ஈரம் துடைத்த பல்லின் மேல் வைப்போம். பரவலாகப் பயன்படும் ஒரு ஸ்ப்ரே மைனஸ் 26 டிகிரி செல்சியஸ் வரை போகும். கார்பன் டை ஆக்சைடு பனிக்குச்சி மைனஸ் 78. ஃபிரீஸர் ஐஸ் அவ்வளவு குளிராது. அதோடு அது உருகி ஈறில் வழியும். பல் கூசியதா, ஈறு கூசியதா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

டென்டினுக்குள் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள், ஒவ்வொன்றிலும் திரவம். குளிர் பட்டதும் அந்தத் திரவம் சட்டென நகர்கிறது. நகர்வதை உணர்ந்து 'ஏ-டெல்டா' எனப்படும் வேகமான நரம்பிழைகள் சுர்ரென்று சேதி அனுப்புகின்றன. பற்கூழின் வெப்பநிலை குறைவதற்கு முன்பே நீங்கள் கையைத் தூக்கிவிடுவது இதனால்தான். ஸ்வீடனின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் நிலைநிறுத்திய விளக்கம் இது.

கையைத் தூக்கினீர்களா என்பதை மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை. பஞ்சை எடுத்த பிறகு எப்போது கை இறங்குகிறது என்பதையும் எண்ணிக்கொண்டிருப்போம். ஓரிரு விநாடியில் இறங்கினால் ஒரு கதை. பஞ்சு குப்பைக்குப் போய் அரை நிமிடம் ஆகியும் கை மேலேயே இருந்தால் வேறு கதை: பற்கூழ் வீங்கித் தேறாத நிலைக்குப் போயிருக்கலாம்.

எனக்குக் கூசவே இல்லை. பல் செத்துவிட்டதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நரம்பு பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. கதவைத் தட்டியும் திறக்கவில்லை என்பதால் வீட்டில் ஆளே இல்லை என்று ஆகுமா?

உயிருள்ள பல் வாய்மூடி இருக்கும் சந்தர்ப்பங்கள் பல. வயதானவர்களின் பல்லில் பற்கூழ்க் குழி சுருங்கி, சுண்ணாம்பு படிந்து, நடுவில் தடித்த டென்டின் நிற்கும். குளிர் உள்ளே எட்டாது. கேப் அல்லது பெரிய ஃபில்லிங் போட்ட பல்லிலும் இதே நிலை. புதிதாக முளைத்த நிரந்தரப் பல்லில் நரம்பு வலை முழுதாகப் படர்வதற்குச் சில வருடங்கள் ஆகும்; அதுவரை கரண்ட் சோதனைக்கு, அதாவது பல்லில் மிகச் சிறிய மின்சாரம் செலுத்திப் பார்ப்பதற்கு, அது சரியாகப் பதில் சொல்லாது. அடிபட்ட பல்லில் நரம்பு அதிர்ச்சியில் உறைந்து கிடக்கும். அதைப் பற்றிக் கீழே தனியாகவே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் மிகப் பெரிய தவறுகள் நடக்கின்றன.

கூசினால் உயிர் இருக்கிறது என்று உறுதியா?

பெரும்பாலும் ஆம். ஆனால் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு மூன்று வேர்கள். ஒரு வேரில் கூழ் அழுகிவிட்டிருக்கும், பக்கத்து வேரில் உயிர் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் "நான் இருக்கிறேன்" என்று பதில் சொல்லிவிடும். கரண்ட் சோதனையில் இன்னொரு சிக்கல். அழுகி நீர்த்த கூழ் மின்சாரத்தைக் கடத்தும். உலோக ஃபில்லிங் பக்கத்துப் பல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதன் வழியாகவும், எச்சில் ஈரம் இருந்தால் ஈறு வழியாகவும் கரண்ட் ஓடிவிடும். பதட்டத்தில் இருக்கும் நோயாளி கருவி தொட்டதுமே கையைத் தூக்குவதும் உண்டு. அதற்காகத்தான் எப்போதும் நல்ல பல்லில் முதலில் வைத்துக் காட்டுவேன். "இந்த மாதிரி இருக்கும், இதுதான் சரியான கூச்சம்" என்று தெரிந்த பிறகு சந்தேகப் பல்லுக்குப் போவது.

எந்தச் சோதனை எவ்வளவு துல்லியம்? எண்ணிக்கையில் சொல்லுங்கள்.

2018ல் மைன்கர், கிம் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். அதன்படி, செத்த பற்களைச் 'செத்தவை' என்று சரியாகப் பிடிப்பதில் குளிர்ச் சோதனை சுமார் 87 சதவீதம், சூட்டுச் சோதனை 78, கரண்ட் சோதனை 72. உயிருள்ள பற்களை 'உயிருள்ளவை' என்று சரியாக விட்டுவிடுவதில் குளிர் 84, சூடு 67, கரண்ட் 93.

கரண்ட் சோதனையின் குணத்தைக் கவனியுங்கள். அது செத்த பல் பலவற்றைத் தவறவிடுகிறது. ஆனால் உயிருள்ள பல்லைச் செத்தது என்று சொல்வது அரிது. குளிர்ச் சோதனை இரண்டு பக்கமும் ஓரளவு சமமாக நிற்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்கிறோம். சூடு மூன்றிலும் பலவீனமானது. 1999ல் ஸ்வீடனில் பீட்டர்சன் குழு பார்த்தபோதும் இதேதான்: பதில் வராத பல் உண்மையிலேயே செத்திருந்த வாய்ப்பு குளிருக்கு 89 சதவீதம், கரண்டுக்கு 88, சூட்டுக்கு வெறும் 48. நாணயத்தைச் சுண்டிவிட்டாலும் ஏறக்குறைய அதுதான் கிடைக்கும்.

அப்படியானால் குளிர்ச் சோதனை 'இல்லை' என்றால் 87 சதவீதம் பல் செத்திருக்கும், சரிதானே?

இல்லை. இதைப் பொறுமையாகப் படியுங்கள். பல் மருத்துவர்களே தடுமாறும் இடம் இது.

100 பற்களை எடுத்துக்கொள்வோம். எல்லாமே ஆழச் சொத்தை, இரவெல்லாம் வலி, எக்ஸ்ரேயில் நிழல் என்று வந்தவை. அவற்றில் பாதி, 50 பல், உண்மையில் செத்தவை என்று வைத்துக்கொள்வோம். குளிர்ச் சோதனை அதில் 43 அல்லது 44ஐப் பிடிக்கும். உயிருள்ள 50ல் 8 பல்லைத் தவறாகச் 'செத்தது' என்று சொல்லும். அதாவது பதில் சொல்லாத சுமார் 52 பல்லில் 44 உண்மையிலேயே செத்தவை. நம்பலாம்.

இப்போது வேறு 100 பற்கள். வலி இல்லை, சொத்தை இல்லை. பொதுப் பரிசோதனைக்கு வந்தவர்களின் பற்கள். அதில் 10 மட்டுமே செத்தவை என்று வைப்போம். சோதனை அதில் 9ஐப் பிடிக்கும். ஆனால் உயிருள்ள 90ல் 14 பல்லும் பதில் சொல்லாமல் இருக்கும். மொத்தம் 23 பல் மௌனம். அதில் 14 உயிருள்ளவை. அதே பஞ்சு, அதே ஸ்ப்ரே, அதே கை. ஆனால் இங்கே 'பதில் இல்லை' என்பதை நம்பி துளை போட்டால், துளை போட்டவற்றில் பாதிக்கு மேல் உயிருள்ள பற்களாகவே இருக்கும்; அவற்றைக் கொன்றிருப்போம்.

ஆகவே சோதனையின் பலம் சோதனைக்குள் மட்டும் இல்லை. ஏன் சந்தேகம் வந்தது என்பதிலும் இருக்கிறது. வலியின் கதையைக் கேட்காமல், பல்லைப் பார்க்காமல், கருவியை மட்டும் வைத்து முடிவெடுக்கும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

கரண்ட் கருவியில் எனக்கு 40 வந்தது, அக்காவுக்கு 25. என் நரம்பு பலவீனமா?

இல்லை. நீங்கள் கரண்டை உணர்ந்தபோது கருவி காட்டிய அந்த எண் ஆரோக்கியத்தின் அளவுகோல் அல்ல. எனாமலின் தடிமன், கருவி முனையை வைத்த இடம், இடையில் தடவிய பேஸ்ட் எல்லாம் அதை மாற்றும். பதில் உண்டா, இல்லையா, எதிர்ப்பக்கத்து அதே பல்லோடு ஒத்துப்போகிறதா என்பதை மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு?

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்றைய பேஸ்மேக்கர்களை இந்தக் கருவி பாதிப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனாலும் குளிர்ச் சோதனையே போதும் என்றால் கரண்டை நான் தவிர்த்துவிடுவேன்.

சூட்டுச் சோதனை அவ்வளவு பலவீனம் என்றால் ஏன் இன்னும் செய்கிறீர்கள்?

எல்லோருக்கும் செய்வதில்லை. "சூடாகக் குடித்தால்தான் வலி" என்று வருபவர்களுக்குச் செய்வோம். வந்த புகாரை நாற்காலியில் திரும்ப வரவழைப்பதே நோக்கம்.

ஒருமுறை ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா, கைப்பையிலிருந்து ஐஸ் தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஒரு மடக்கு வாயில் வைத்தபடியே உள்ளே வந்தார். விழுங்கினால் வலி ஏறுகிறது. அடுத்த மடக்கு வைத்தால் அடங்குகிறது. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. "மேல் பல்லா, கீழ்ப் பல்லா என்றே தெரியலம்மா, இந்தப் பக்கம் பூரா விண்விண்ணுங்குது" என்றார். பஞ்சு எந்தப் பல்லிலும் தெளிவாக எதையும் காட்டவில்லை. ஒவ்வொரு பல்லாக ரப்பர் ஷீட்டால் தனிமைப்படுத்தி, வெதுவெதுப்பைத் தாண்டிய சூட்டில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். கீழ்வரிசை இரண்டாம் கடைவாய்ப் பல்லில் சில விநாடி ஒன்றுமில்லை. பிறகு நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சில விநாடித் தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. வேகமான ஏ-டெல்டா இழைகள் அங்கே ஏற்கெனவே செயலிழந்திருக்கலாம். எஞ்சி நிற்பவை மெதுவான 'சி' இழைகள்; பிராணவாயு குறைந்தாலும் அவை தாக்குப்பிடிக்கும். அவை தரும் வலி மந்தமானது, நீடிப்பது, இடம் சொல்லாதது. அழிந்துகொண்டிருக்கும் பற்கூழின் குரல் அது. பற்கூழுக்குள் இடம் உணர்த்தும் நரம்பு முனைகள் இல்லாததால் மேலா கீழா என்று தெரியாமல் போவதும் இயல்பே. அந்த அம்மா தவறாகச் சொல்லவில்லை.

பல்லைத் தட்டிப் பார்ப்பது எதற்கு?

அது பற்கூழைச் சோதிப்பதல்ல. வேரைச் சுற்றியுள்ள நாரிழைகளில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பது. ஃபில்லிங் உயரமாக இருந்து கடிக்கும்போது இடித்தாலும், ஈறு நோயாலும் தட்டினால் வலிக்கும்.

"நரம்பு இனி தேறாது" என்றார்கள். தேறாது என்று எப்படித் தெரியும்?

பற்கூழ் உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்ற இரண்டு முனைகளில் சோதனைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. நடுவில், உயிருள்ள ஆனால் வீங்கிய பற்கூழ் தேறுமா, தேறாதா என்பதில்தான் தடுமாற்றம். எங்கள் துறையின் பழைய காயம் இது.

1963ல் அமெரிக்காவில் செல்ட்சர், பெண்டர், சியோன்ட்ஸ் மூவரும், பிடுங்கிய பற்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பிடுங்குவதற்கு முன் எழுதி வைத்த அறிகுறிகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. வலியே இல்லாத பல்லில் கூழ் அழுகியிருந்தது. துடித்த பல்லில் பெரும்பகுதி நன்றாக இருந்தது. பல தலைமுறை மாணவர்கள் "வெளியே தெரிவது உள்ளே இருப்பதல்ல" என்று படித்தே வளர்ந்தோம்.

2014ல் ரிகுச்சியும் சிக்கேராவும் லோகினும் 95 பற்களில் அதைத் திரும்பப் பார்த்தார்கள். 'நன்றாக இருக்கிறது அல்லது தேறும்' என்று குறித்த 59 பல்லில் 57, மைக்ராஸ்கோப்பிலும் அப்படியே இருந்தன. 'தேறாது' என்று குறித்த 32ல் 27 சரியாக இருந்தன. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல முடிவு. ஆனால் அந்த மிச்சம் ஐந்தை யோசித்துப் பாருங்கள். தேறாது என்று எழுதிய பற்களில் ஆறில் ஒன்று தேறும் நிலையில் இருந்திருக்கிறது.

'தேறாது' என்று சொன்ன பல்லிலும் கூழ் முழுவதும் கெட்டிருக்க வேண்டியதில்லை. பல நேரம் சொத்தைக்கு அருகில் உள்ள மேல்பகுதி மட்டும் கெட்டு, வேருக்குள் இருப்பது நன்றாக இருக்கும். அதனால்தான் கெட்ட மேல்பகுதியை மட்டும் நீக்கி, ரத்தக்கசிவு சில நிமிடத்தில் நிற்கிறதா என்று பார்த்து, சிமென்ட் வைத்து மூடும் சிகிச்சை இப்போது பெரியவர்களுக்கும் செய்யப்படுகிறது. ஐரோப்பிய எண்டோடான்டிக் (ரூட் கேனல் துறை) சங்கம் 2019லும் அமெரிக்கச் சங்கம் 2021லும் இதையொட்டி நிலைப்பாடு வெளியிட்டன. பஞ்சும் கரண்டும் சொல்லாததை, சில சமயம் அந்த ரத்தக்கசிவு சொல்லிவிடுகிறது. இது எல்லாப் பல்லுக்கும் பொருந்தாது. ஆனால் உங்கள் பல்லுக்குப் பொருந்துமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பையன் விழுந்து முன்பல்லில் அடிபட்டது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் பதில் இல்லை. உடனே ரூட் கேனல் செய்ய வேண்டுமா?

அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

அடிபட்ட பல்லில் நரம்பு மரத்துப்போகும். ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கலாம். சென்னையில் கோபிகிருஷ்ணா, டினாகுப்தா, கந்தசாமி ஆகியோர் 2007ல் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்முன் காட்டியது. அடிபட்ட பற்களோடு வந்த 17 பேர். முதல் நாளில் குளிருக்கும் கரண்டுக்கும் ஒருவர் பல்கூடப் பதில் சொல்லவில்லை. 28ஆம் நாளில் 29 சதவீதம் பதில் சொன்னது. 2 மாதத்தில் 82. 3 மாதத்தில் 94. அதே பற்களில் பல்ஸ் ஆக்சிமீட்டர், அதாவது கொரோனா காலத்தில் எல்லோரும் விரலில் மாட்டிக்கொண்டோமே அதே தத்துவத்தில் பல்லுக்கென்று செய்த முனை, முதல் நாளிலிருந்தே உயிர் இருக்கிறது என்று காட்டியது. நரம்பை நம்பி முதல் வாரத்தில் அந்தப் பற்களைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

உலகப் பல் காய வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: 3 மாதம் வரை பதில் வராமல் இருக்கலாம், கூழ் செத்தது என்று முடிவு கட்ட, பதில் இல்லாததோடு இன்னொரு அறிகுறியாவது வேண்டும். ஈறில் சீழ்க் கொப்புளம், எக்ஸ்ரேயில் வேர் நுனியில் நிழல், வளர வேண்டிய வேர் வளராமல் நிற்பது, இப்படி ஏதாவது. பல் சாம்பல் நிறமானால் பெற்றோர் பதறுவார்கள். அந்த நிறம் சில பற்களில் தானாகவே திரும்பிவிடும்; அது மட்டும் சாட்சியாகாது.

எட்டு ஒன்பது வயதில் முன்பல்லின் வேர் இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. கூழ் உயிரோடு இருந்தால்தான் வேர் நீண்டு, சுவர் தடிக்கும். அவசரத்தில் அதை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் மெல்லிய சுவருள்ள, எளிதில் உடையும் பல் மிஞ்சும். ஆனால் பொறுத்திருப்பது என்றால் மறந்துவிடுவது அல்ல. டாக்டர் சொன்ன தேதிகளில் கட்டாயம் அழைத்து வாருங்கள். வேர் கரையத் தொடங்கினால் வாரங்கள்கூட முக்கியம். பிடுங்கிக்கொண்டு வெளியே விழுந்து திரும்பப் பொருத்திய பல்லுக்கு இந்தப் பொறுமைக் கணக்கு பொருந்தாது. வேர் வளர்ந்து முடிந்த பல் என்றால் 2 வாரத்துக்குள்ளேயே ரூட் கேனல் தொடங்க வேண்டும்.

ரத்த ஓட்டத்தையே பார்க்கும் கருவிகள் இருக்கும்போது ஏன் எல்லா கிளினிக்கிலும் இல்லை?

பல்ஸ் ஆக்சிமீட்டரும், லேசர் ஒளியால் ரத்த ஓட்டத்தை அளக்கும் லேசர் டாப்ளரும் மேலே சொன்ன 2018 தொகுப்பில் இரண்டு பக்கமும் 95 சதவீதமோ அதற்கு மேலோ பெற்றவை. ஆனால் லேசர் டாப்ளர் விலை அதிகம். முனை இம்மி அசைந்தாலும், ஈறின் ரத்த ஓட்டம் கலந்தாலும் அளவு தப்பும். ஆக்சிமீட்டருக்குப் பல்லின் வடிவத்துக்குப் பொருந்தும் முனை வேண்டும். கேப் போட்ட பல்லில் ஒளி ஊடுருவாது. விரல் ஆக்சிமீட்டரைப் பல்லில் மாட்டிப் பார்க்க முயலாதீர்கள், அது பொருந்தாது.

எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

எக்ஸ்ரே எலும்பையும் சொத்தையின் ஆழத்தையும் காட்டும். பற்கூழ் உயிரோடு இருக்கிறதா என்பதைக் காட்டாது. வேர் நுனி எலும்பில் கணிசமான அளவு கரைந்த பிறகே நிழல் தெரியும். நிழல் இல்லை என்பதால் கூழ் நலம் என்று ஆகாது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு வரலாமா?

தாங்க முடியாவிட்டால் போடுங்கள். ஆனால் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். ஐபுப்ரோஃபென் போன்றவை குளிருக்கும் தட்டுதலுக்கும் வர வேண்டிய வலியை மறைத்துவிடும். முகம் வீங்கியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் இருந்தாலோ சோதனைக்குக் காத்திராமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

சோதனையின்போது நான் என்ன செய்தால் முடிவு சரியாக வரும்?

கூச ஆரம்பித்ததும் இடது கையைத் தூக்குங்கள். முழுதாக நின்ற பிறகே இறக்குங்கள். கூசாவிட்டால் கூசியதாகச் சொல்ல வேண்டாம். அடுத்து வலிக்கும் என்ற பயத்தில் முன்கூட்டியே தூக்கவும் வேண்டாம். வலிக்கும் பல்லோடு, அதன் பக்கத்துப் பல்லிலும் எதிர்ப்பக்கத்து அதே பல்லிலும் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு இந்தச் சோதனையால் நோயைக் கண்டறிய முடியாது. ஊசிக்கு முன்பே செய்துவிட வேண்டும். முடிவை உங்கள் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்தப் பல், குளிருக்கு எத்தனை விநாடி, தட்டினால் எப்படி, தேதி என்ன. மூன்று மாதம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டரிடம் போனாலும், அந்த நான்கு வரியை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.